போதும் என்று சொல்ல ஓர் ஆள்

நான் குண்டு. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர் சொல்லும். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு டிக்கெட்டு குடுத்துடு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். "ஒங்கப்பன் வூட்டு வண்டியாடா இது?" என்று ஒரு வார்த்தை விட்டால் அடங்கிவிடுவான், விட்டும் இருக்கிறேன். ஆனால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு கூடவே வரும்.

வீடு செங்கல்பட்டில், ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம். மொட்டை மாடியில் ஏறினால் கொளவாய் ஏரி தெரியும். தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் நர்ஸ் படித்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். எங்கள் அப்பா அம்மா திருவிடந்தைப் பக்கம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள். நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் பேக்கிங் லைனுக்கு சூப்பர்வைசர். கம்பெனி பஸ், பி.எஃப்., அடையாள அட்டை எல்லாம் உண்டு. சாயந்திரம் வந்து பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது. யாராவது அதை ஒரு சாண் நகர்த்தி வைத்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

சமைப்பதை விட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு எதைச் சமைக்க? பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே பரோட்டா பார்சல் வாங்கிக்கொள்வேன். டி.வி.யைப் போட்டு, பார்சல் பேப்பரைத் தரையில் விரித்து, அதிலேயே சால்னாவை ஊற்றிப் பிசைந்து தின்பேன். சோறு வடித்த நாளில் குக்கரோடு மடியில் வைத்துக்கொள்வேன். தட்டு எதற்கு, அதைக் கழுவ வேறு வேண்டும். மாதவிலக்கும் நின்று போன பிறகு உடம்பு இன்னும் ஊதியது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள், "அம்மா, போன தள்ளிப் புடி, மொகம் மட்டும்தான் தெரியுது" என்றாள். "தள்ளித்தாண்டி புடிச்சிகினு கீறேன்" என்றேன். அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ஆட்டோக்காரன் கேலியே தேவலாம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் உடம்பு பரிசோதனை முகாம் போட்டார்கள். எடை மிஷினில் ஏறினவர்களில் என்னைப் போன்ற சிலரைத் தனியாகக் கூப்பிட்டு, கடற்கரை ரோட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே உடம்பு குறைய ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். ஊசி இல்லை, காசு இல்லை, தினமும் கேப்சூல் மட்டும் என்றார்கள். சரி, கெட்டா போய்விடப் போகிறது என்று தலையை ஆட்டினேன்.

செங்கல்பட்டில் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஈ.சி.ஆரில் வேறொரு பஸ். அந்த பஸ்ஸில் கால்வாசிப் பேர் மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று மாலை எடுத்துப் போகிறவர்கள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனால் அந்த ஊர்ப் பக்கம் பிறந்தவளுக்கு அது தெரியாதா? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் நான் இடித்து மாலை நசுங்கிவிடக் கூடாதே என்று அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "கீழ வை நைனா, நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேன்" என்றேன். அவன் வைக்கவில்லை.

டாக்டர் இளவயதுக்காரர். மேசை மேல் கொய்யா இலை, காய்ந்த மாதுளந்தோல், டீத்தூள், ஒரு வாழைப்பூ எல்லாம் பரப்பி வைத்திருந்தார். காய்கறிக் கடையா ஆஸ்பத்திரியா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"கொழுப்புன்னா சும்மா தொங்கற மூட்டைன்னு நெனைக்காதீங்கம்மா. அது பேசும்" என்றார் அவர். "லெப்டின்னு ஒரு ஹார்மோன அனுப்பி, 'இங்க இருப்பு நெறைய இருக்கு, சாப்பாட்ட நிறுத்து'ன்னு மூளைக்குச் சொல்லும்."

"என் கொழுப்பு ஊமையா சார்?"

"இல்லம்மா. ஒல்லியா இருக்கறவங்களோடத விட அதிகமாவே பேசுது. கத்துது. மூளைக்குத்தான் அது ஏற மாட்டேங்குது. ஒரே சத்தத்த ரொம்ப நாள் கேட்டா காது மரத்துடும்ல, அந்த மாதிரி. இன்சுலினும் அப்படித்தான். ஹார்மோன் இருக்கு, கேக்கற எடம்தான் மந்தமாயிடுச்சி."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. வீட்டில் நான் டி.வி.யோடு பேசுகிற மாதிரி.

அப்புறம் கொய்யா இலை ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து மெல்லச் சொன்னார். சின்ன வயதில் வயிற்றுப்போக்குக்கு அம்மா கொடுத்த அதே ருசி. நாக்கு சுருண்டது. "இந்தத் துவர்ப்பு இருக்கில்ல, இது செடி தனக்காகச் செஞ்சிக்கற சரக்கு. பூச்சி கடிக்காம, வெயில் பொசுக்காம. பாலிஃபீனால்னு பேரு. நாம சாப்ட்டா நம்ம கொடல்ல இருக்கற கிருமிங்க அத ஒடைச்சி சின்னச் சின்னதா ரத்தத்துல கலக்க விடுது. எலிக்குக் குடுத்துப் பாத்ததுல அந்த மந்தம் கொஞ்சம் தெளியற மாதிரி தெரியுது. கொழுப்பு சொல்றது மூளைக்குத் திரும்பக் கேக்குது. மனுஷனுக்கு அப்படியான்னு நிச்சயமாத் தெரியாது."

"அப்ப நான்தான் எலியா?"

"எலிகிட்ட நாங்க சம்மதம் கேக்கறதில்லம்மா. ஒங்ககிட்ட கேக்கறோம்." சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னதுதான் முக்கியம். பாதிப் பேருக்கு இலைச் சாறு அடைத்த கேப்சூல். பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று எனக்கும் தெரியக் கூடாது, அவருக்கும் தெரியாது, தினமும் சாயந்திரம் போன் செய்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கப் போகிற பெண்ணுக்கும் தெரியாது. "தெரிஞ்சிட்டா மனசு உள்ள பூந்து கணக்கக் கெடுத்துடும். அதனால கேப்சூல ஒடைக்காதீங்க, முழுசா முழுங்குங்க. எதுன்னு கண்டுபுடிச்சிட்டவங்கள நாங்க தொடர்ந்து வெச்சிக்க முடியாது."

"நான் எதுக்கு சார் ஒடைக்கப் போறேன், எனக்கு வேற வேல இல்ல?" என்றேன்.

முதல் போன் வந்தது சாயந்திரம் ஏழு மணிக்கு. எண்ணைப் பார்த்தால் ஆபீஸ் நம்பர், நாம் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்காத ஜாதி. சின்னப் பெண் குரல். "வணக்கம் மேடம், காலேஜ்லேர்ந்து பேசறேன். இன்னைக்குக் காலையிலேர்ந்து என்னென்ன சாப்டீங்க?"

"மத்தியானம் கேன்டீன்ல சாப்ட்டேன். அவ்ளோதான்."

"காலைல?"

"ரெண்டு இட்லி."

"நைட்டு?"

"இன்னும் சாப்பிடல." பரோட்டாப் பொட்டலம் காலியாகி எதிரில் கிடந்தது. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கெல்லாம் சோறு தின்றால்தான் சாப்பாடு. பரோட்டா, போண்டா, பஜ்ஜி, டீயில் தோய்த்த பிஸ்கட் எல்லாம் நாஸ்தா; அதை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? அந்தப் பெண் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. ஒருநாள் பின்னால் டி.வி. சத்தத்துக்கு நடுவில் நான் எதையோ கொறிப்பது கேட்டு, "ஆன்ட்டி, இப்ப வாயில என்ன?" என்றாள். அன்றைக்குத்தான் மேடம் ஆன்ட்டி ஆனேன்.

"முறுக்கு. அத போய் கேக்கறியே!"

"அதயும் சொல்லணும் ஆன்ட்டி. வாய்க்குள்ள போறது எல்லாத்தயும் சொல்லணும்."

"பேஜாரா போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. ஒரு மனுஷி இவ்வளவா தின்பாள்!

அவள் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. சொல்லக் கூடாது போல. கேட்பாள், தட்டச்சு செய்கிற சத்தம் கேட்கும், பிறகு "அப்புறம்?" என்பாள். எத்தனை சாதம் என்றால் "வவுறு நெறைய" என்பேன். "கரண்டிக் கணக்குல சொல்லுங்க ஆன்ட்டி." கரண்டியை நான் எங்கே கண்டேன், குக்கரோடு அல்லவா தின்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகத் தட்டை எடுத்தேன். கரண்டியால் எடுத்துப் போட்டேன். மூன்றாவது கரண்டியின்போது, இதைச் சொல்லும்போது அவள் என்ன நினைப்பாளோ என்று தோன்றியது. திரும்பக் குக்கரில் போட்டுவிட்டேன். அப்புறம் பரோட்டா பரோட்டா என்று தினமும் சொல்ல வெட்கமாகி, கீரை வாங்கினேன். கீரை என்று சொல்வதற்காகவே கீரை கடைந்தேன் என்றால் நம்புவீர்களா?

"இன்னைக்கு முருங்கக்கீரையா? எங்கம்மாவும் இன்னைக்கு அதான்" என்பாள். மதுராந்தகத்துப் பெண். ஏரி நிரம்பினால் சொல்வாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டிவலி, உடம்பு என்னைப் போல. பேச்சு முடியும்போது தவறாமல், "இன்னும் ஏதாவது விட்டுட்டீங்களா? அப்புறம்?" என்று கேட்பாள். "போதும்மா, அவ்ளோதான்" என்பேன். வைத்துவிடுவாள்.

அந்த 'போதும்' எனக்குப் புதுசு. என் வாயிலிருந்து வராத வார்த்தை அது. வீட்டுக்காரர் இருந்தவரை சாதத்தை அள்ளிக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. அவர் தட்டு மேல் கையை விரித்து "போதும்" என்பார், நான் காது கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி போடுவேன். மகளும் அப்படித்தான், "போதும்மா, கொல்லாத" என்று கத்துவாள். காலமெல்லாம் போதும் போதும் என்று கேட்டவள் நான். எல்லாரும் எழுந்த பிறகு மிச்சத்தை வழித்துத் தின்பேன். என் தட்டுப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவர் யாரும் இல்லை. கேன்டீனில் கொட்டுகிறானே ஒருத்தன், அவன் தட்டையே பார்க்க மாட்டான். யோசித்துப் பாருங்கள், போதும் என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாது. எதிரில் போடுவதற்கு ஒருத்தர் வேண்டும். லெப்டின் கத்துகிறதாம், மூளைக்குக் கேட்கவில்லையாம். சரிதான், ஆனால் என் வீட்டில் உடம்புக்கு வெளியிலும் யாரும் கேட்கவில்லை.

உடம்பு இறங்க ஆரம்பித்தது. கல்லூரியில் அளவெடுக்கும் பெண் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். ஜாக்கெட் தோளில் நழுவியது. மகள் வீடியோவில், "அம்மா, ஒனக்குக் கழுத்து கீது!" என்று கத்தினாள். ஆட்டோக்காரன்கூட, "அக்கா, இப்ப ஒன்றர டிக்கெட்டு" என்று விலையைக் குறைத்தான். எல்லாம் கேப்சூலால் என்று நான் நம்பினேன். லைனில் வேலை செய்கிற பெண்களிடம், "அந்தக் கொய்யா எலைச் சரக்குதாண்டி, இன்னா வேல செய்யுது தெரியுமா!" என்று பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் கை ஈரத்தோடு பாட்டிலைத் திறந்தேன். ஈரத்தில் ஒரு கேப்சூல் விரலோடு ஒட்டிக்கொண்டு, பிதுங்கி, ஊற வைத்திருந்த இரும்பு தோசைக்கல்லில் விழுந்து பிளந்தது. பழுப்பு நிறத்தில் மாவு. விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்ப்பது சமையல் செய்கிறவள் பழக்கம், யோசிக்காமல் வைத்துவிட்டேன்.

துவர்க்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து வரும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். வரவில்லை. லேசான இனிப்பு, அரிசி மாவு மாதிரி. தோசைக்கல்லைப் பார்த்தேன். வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மணை கறுக்கும், நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் போட்டால் மை மாதிரி ஆகிவிடும், இது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். துவர்ப்புக்கும் இரும்புக்கும் ஆகாது. கல்லை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். லைனில் நின்றாலும் நினைப்பெல்லாம் அங்கேதான். சாயந்திரம் வந்து முதல் வேலையாகக் கல்லைப் பார்த்தேன். மாவு கரைந்த தண்ணீர் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே பழுப்பாகக் கிடந்தது.

எனக்கு வெறும் மாவுதான் கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்படியென்றால் நான் எதனால் இளைத்தேன்? கேட்டுக்கொண்டே நிமிர்ந்தால் மேசை மேல் போன் இருந்தது. ஏழு அடிக்கக் கொஞ்சம் இருந்தது. சரியாக ஏழுக்கு அது அடித்தது.

"இன்னைக்கு என்ன ஆன்ட்டி?"

சொல்லவில்லை. கோதுமை உப்புமா, சுண்டல் என்று ஒழுங்காக ஒப்பித்தேன். தெரிந்துவிட்டவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. மாவு போனால் போகிறது. போன் நின்றுவிடுமே. ஏழு மணிக்கு யார் கேட்பார்கள்? மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் அவள் "அப்புறம்?" என்றபோது வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

பிறகு ஒரு சாயந்திரம் அவளே குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்றேன், டாக்டர் கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க. ஒங்களுக்கு இவ்ளோ கொறஞ்சிகினு வருதுல்ல? அத பாத்து எங்கம்மாவுக்கும் ஒரு பவுடரு வாங்கிக் குடுத்தேன். கொய்யா எல, மாதுளந்தோலு எல்லாம் போட்டதுன்னு போன்ல விளம்பரம் வந்துச்சி. காலைல வெறும் வவுத்துல குடிக்கறாங்க."

"குடிக்கட்டும், அதுக்கு இன்னா?"

"அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சக்கர மாத்திரையக் கூட நிறுத்திட்டாங்க."

"யார கேட்டு நிறுத்தனாங்க?"

"இயற்கைதானே ஆன்ட்டி. மாத்திர கிட்னிய கெடுக்கும்னு..."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டுக்காரர் போனதே அப்படித்தான். யாரோ சொன்னார்கள் என்று வேர், பட்டை, கஷாயம் குடித்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையைத் தூக்கிப் போட்டார். முதலில் கால் போனது, பிறகு ஆளே போனார். என் மெலிந்த கழுத்தைச் சாட்சி வைத்து இன்னொரு வீட்டில் அதே கூத்தா?

"அடிப் பாவி! எனக்குக் குடுத்தது மருந்தே இல்லடி, மாவு! வெறும் மாவு!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. நான் கேப்சூல் உடைந்தது, நாக்கில் வைத்தது, தோசைக்கல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். "எல மேல எனக்குக் கோவம் இல்ல பாப்பா. எவனுக்காவது அது வேல செய்யும், செய்யட்டும், அத டாக்டர் கண்டுபுடிக்கட்டும். ஆனா என்ன எளைக்க வெச்சது அது இல்ல. ஒங்கம்மாவ நாளைக்கி இல்ல, இப்பவே மாத்திர போடச் சொல்லு. இப்பவே!"

"ஆன்ட்டி, இத நான் மேல சொல்லியாகணும்" என்றாள்.

"சொல்லு."

"சொன்னா ஒங்கள எடுத்துடுவாங்க. நாளைக்கி ஒங்க நம்பர் எனக்கு வராது."

"தெரியும் பாப்பா. மொதல்ல ஒங்கம்மாக்கு போன் பண்ணு" என்று நானே வைத்துவிட்டேன். அவள் "அப்புறம்?" என்று கேட்டுவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் ஏழு மணி வந்தது, போனது. இரண்டு சப்பாத்தியும் பருப்பும் தட்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் பேசாமல் கிடந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, ரயில் ஒன்று போனது. சுவரைப் பார்த்து "ரெண்டு சப்பாத்தி, பருப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அழுதேன். வீட்டுக்காரர் செத்தபோது ஊரே இருந்ததால் ஒழுங்காக அழவில்லை, அதையும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் தினமும் ஏழு மணிக்கு என்னைக் கேட்டாளே, எனக்கு முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் என்று ஊரையே கேட்பாளே, அவள் எப்போது சாப்பிடுவாள்? அதை நான் கேட்கவே இல்லை.

மிச்ச பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கக் கல்லூரியிலிருந்து வரச் சொன்னார்கள். காலை ஷிப்ட் முடித்து, அதே இரண்டு பஸ் மாறி, சாயந்திர வெயிலில் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் கோபப்படவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். எனக்குக் கொடுத்தது எது என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

"அப்ப நான் எளைச்சது எதனால சார்? அதயாவது சொல்லுங்க."

"ஒருத்தருக்கு இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா தெனமும் ஒருத்தர் கேட்டாலே ஜனங்க சாப்பாட்ட மாத்திக்கறாங்க, அது தெரிஞ்ச விஷயம். அதனாலதான் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி போன் பண்றோம். கடைசில எல சாப்ட்டவங்க கணக்குலேர்ந்து மாவு சாப்ட்டவங்க கணக்கக் கழிச்சா, போனால வந்த பலன் கழிஞ்சி போயிடும். எலையோட பலன்னு ஒண்ணு இருந்தா அது மட்டும் நிக்கும்."

நியாயம்தான். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியது எதுவோ அதுதான் இவர்கள் கணக்கில் கழிந்து போவது. "வரேன் சார்" என்று எழுந்துவிட்டேன்.

வராந்தா வழியாக வந்தபோது அந்தக் குரல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. "காலைல? சரிங்க. மத்தியானம்? அப்புறம்?" அதே "அப்புறம்". எனக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்த அதே இழுப்பு, வேறு யாருக்கோ. வயிற்றெரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன். எட்டிப் பார்த்தேன். ஒல்லிப் பெண், காதில் ஹெட்போன், பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ். பேசி முடித்து ஹெட்போனைக் கழற்றினாள். அடுத்த நம்பருக்குக் கை போவதற்குள் நான் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"நீ சாப்ட்டியா?"

சட்டென்று திரும்பினாள். என்னைப் பார்த்ததே இல்லை அவள். மேலும் கீழும் பார்க்கவும் இல்லை. "ஆன்ட்டி!" என்றாள், குரலை வைத்தே. அப்புறம் எழுந்து வந்து, "அம்மா மாத்திர போடறாங்க ஆன்ட்டி. அன்னைக்கே கத்தி, அழுது, போட வெச்சிட்டேன்" என்றாள்.

"நல்லது. நீ சாப்ட்டியான்னு கேட்டேன்."

"இல்ல ஆன்ட்டி. பேசி முடிக்கறதுக்குள்ள நேரமாயிடும். வூட்டுக்குப் போயி திம்பேன், இல்லன்னா தூங்கிடுவேன்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "இது வரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்ல."

"ஒக்காரு. அந்த நம்பரு பத்து நிமிஷம் பட்டினி கெடக்கட்டும்."

டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர் சாதம், வாழைப்பூப் பொரியல். மூடியைத் தட்டு மாதிரி என் முன்னால் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கரண்டியால் சாதத்தை எடுத்துப் போட ஆரம்பித்தாள். பொரியலும் போட்டாள். ஒரு வாய் வைத்தேன். நாக்கு முழுக்கத் துவர்த்தது. அவள் இன்னொரு கரண்டி எடுத்து மூடிக்கு மேலே நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள். எனக்குத் தெரியும், கையை விரித்துத் தடுத்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது நான்தான். மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டதில் வயிறும் நிறைந்துதான் இருந்தது.

உடனே சொல்லவில்லை. கரண்டியோடு அவள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது.